குடியரசுத் தலைவர் வெறும் ரப்பர் ஸ்டாம்பா? கே.ஆர். நாராயணனை வைத்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: இந்தியக் குடியரசுத் தலைவருக்கு உண்மையில் என்ன வேலை? பிரதமர் நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கா 340 அறை உள்ள மாளிகை? யாராவது ஒருவருடைய வாழ்க்கையை வைத்து விளக்க முடியுமா?

போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு அரசியலமைப்புப் பாடம் எடுப்பவன் நான். வருடம் தவறாமல் இந்தக் கேள்வி வகுப்பில் வந்துவிடும், பெரும்பாலும் கடைசி பெஞ்சிலிருந்து. ஆளை வைத்து விளக்குவதென்றால் அப்துல் கலாமைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். எனக்கு அவருக்கு முன்னால் இருந்த கே.ஆர். நாராயணன்தான் வசதி. இந்தப் பதவி எதுவரை போகலாம், எந்த இடத்தில் நின்றுவிட வேண்டும் என்பதை 1997 முதல் 2002 வரையிலான ஐந்து வருடத்தில் அவரளவுக்குத் தொட்டுப் பார்த்தவர் குறைவு. என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று அறிக்கையாக எழுதி வெளியிடும் பழக்கமும் அவருக்கு இருந்தது. பாடம் நடத்துகிறவனுக்கு அது பெரிய உதவி.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். பிரிவு 53, ஒன்றியத்தின் நிர்வாக அதிகாரம் முழுவதும் குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது என்கிறது. இதை மட்டும் படித்தால் அமெரிக்க அதிபர் மாதிரித் தோன்றும். பிரிவு 74 அதை அப்படியே அமைச்சரவையின் கையில் கொடுத்துவிடுகிறது: பிரதமர் தலைமையிலான அமைச்சரவை ஆலோசனை சொல்லும், அதன்படிதான் அவர் நடக்க வேண்டும். 1976-இல் நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த 42-ஆவது திருத்தம் இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதிவைத்தது. பிறகு ஜனதா ஆட்சியில், 1978-இல், 44-ஆவது திருத்தம் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்தது. அமைச்சரவை சொன்னதை “மறுபடி யோசியுங்கள்” என்று ஒருமுறை திருப்பி அனுப்பலாம். அமைச்சரவை யோசித்துவிட்டு அதையே மீண்டும் அனுப்பினால் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும்.

ஒரே ஒருமுறை கேட்கும் உரிமை. இதை வைத்துக்கொண்டு என்ன பெரிதாகச் செய்துவிட முடியும் என்றுதான் தோன்றும். நாராயணன் செய்ததைப் பார்க்கும் முன் அவர் எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், இன்றைய கோட்டயம் மாவட்டத்தில், உழவூர் என்ற கிராமம். ஏழு பிள்ளைகளில் நான்காவது. அப்பா கோச்சேரில் ராமன் வைத்தியர், நாட்டு வைத்தியம் பார்ப்பவர். பரவன் என்ற தலித் சாதி. கேரளத்தில் இந்தப் பெயரில் இருக்கும் சாதியை நம் தூத்துக்குடிக் கடற்கரைப் பரவர்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆவணங்களில் அவருடைய பிறந்த தேதி 27 அக்டோபர் 1920. வீட்டில் யாருக்கும் சரியான தேதி தெரியாததால், பள்ளியில் சேர்த்தபோது மாமா வாய்க்கு வந்ததைச் சொன்னார், அதுவே நிலைத்துவிட்டது என்பார்கள். நம் வீடுகளிலும் ஒரு தலைமுறைக்கு முன்பு பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள்தானே.

பள்ளிக்குப் பல கிலோமீட்டர் வயல் வரப்பில் நடக்க வேண்டும். ஃபீஸ் கட்டாத நாட்களில் வகுப்புக்குள் விடமாட்டார்கள். வெளியே நின்று காதில் விழுந்த பாடத்தைக் கேட்டுக்கொள்வார். புத்தகம் வாங்கக் காசு கிடையாது. அண்ணன் நீலகண்டனுக்கு ஆஸ்துமா, வீட்டைவிட்டு அதிகம் நகர முடியாது. அந்த அண்ணன் தம்பிக்காகப் பிறரிடம் பாடப் புத்தகங்களை இரவல் வாங்கி, உட்கார்ந்து கையால் எழுதி எழுதிக் கொடுப்பார். மூச்சுத்திணறும் ஒரு பையன் பக்கம் பக்கமாகப் படியெடுப்பதை நினைத்துப் பாருங்கள். நாராயணன் படித்தது அந்த நோட்டுகளில்தான்.

குறவிலங்காட்டில் பள்ளிப் படிப்பு, கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியில் இன்டர்மீடியட், பிறகு திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம். 1943-இல் முதல் வகுப்பில் முதலிடம். விரிவுரையாளர் வேலை கேட்டார். குமாஸ்தா வேலை தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு டெல்லிக்கு ரயிலேறினார். பட்டமளிப்பு விழாவுக்கும் போகவில்லை. டெல்லியில் ‘தி இந்து’, ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’ இரண்டிலும் கொஞ்ச காலம் நிருபர். 1945 ஏப்ரலில் பம்பாயில் காந்தியைப் பேட்டி எடுத்திருக்கிறார். அதே வருடம் டாட்டா உதவித்தொகையில் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்.

அங்கே அவருடைய ஆசிரியர் ஹெரால்ட் லாஸ்கி. 1948-இல் இந்தியா திரும்பும்போது லாஸ்கி நேருவுக்கு ஒரு அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார். அதற்குப் பிறகு நடந்ததை நாராயணனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நாடாளுமன்றக் கட்டடத்தில் நேருவைச் சந்திக்கிறார். லண்டனைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு. நேரம் முடிந்துவிட்டது என்று இவருக்கே புரிகிறது. எழுந்து, விடைபெறும்போதுதான் கடிதத்தை எடுத்துக் கொடுக்கிறார். வெளியே வந்து அந்த வட்டத் தாழ்வாரத்தில் பாதி தூரம் நடந்திருப்பார், பின்னால் கைதட்டும் சத்தம். திரும்பினால் நேரு நின்று வரச் சொல்கிறார். அதற்குள் கடிதத்தைப் படித்துவிட்டிருக்கிறார். இதை ஏன் முதலிலேயே தரவில்லை என்று கேட்கிறார். கிளம்பும்போது கொடுத்தால் போதும் என்று நினைத்தேன் என்கிறார் இவர். மறுபடி உட்காரவைத்து இன்னும் சில கேள்விகள். 1949-இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தாகிவிட்டது. சிபாரிசுக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஒரு பிரதமரோடு பேச்சை முடிக்கிற ஆளை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

முதல் பணியிடம் ரங்கூன். அங்கே சந்தித்த மா டின்ட் டின்ட் என்ற பர்மியப் பெண்ணை 1951-இல் டெல்லியில் மணந்தார். வெளியுறவு அதிகாரி வெளிநாட்டவரை மணக்கத் தனி அனுமதி வேண்டும், நேரு கொடுத்தார். மா டின்ட் டின்ட் உஷா நாராயணன் ஆனார். பிறகு டோக்கியோ, லண்டன், கான்பெரா, ஹனோய் என்று ஊர் ஊராக வேலை. தாய்லாந்து, துருக்கி நாடுகளுக்குத் தூதர். 1976-இல் பெய்ஜிங். 1962 போருக்குப் பிறகு இந்தியா சீனாவுக்குத் தூதர் என்ற நிலையில் ஆளனுப்பவே இல்லை. அந்த இடைவெளிக்குப் பின் போன முதல் தூதர் இவர். ஓய்வுக்குப் பின் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத் துணைவேந்தர், 1980 முதல் 1984 வரை வாஷிங்டனில் தூதர். அப்புறம்தான் அரசியல். கேரளத்தின் ஒற்றப்பாலம் தொகுதியில் 1984, 1989, 1991 என்று மூன்று முறை காங்கிரஸ் வேட்பாளராக நின்று வென்றார். ராஜீவ் காந்தி அரசில் இணை அமைச்சர். 1992-இல் துணைக் குடியரசுத் தலைவர். அந்தத் தேர்தலில் அவருக்கு எதிராக விழுந்தது ஒரே ஒரு ஓட்டு.

1997-இல் குடியரசுத் தலைவர் தேர்தல். எதிரே நின்றவர் டி.என். சேஷன், தேர்தல் ஆணையத்தைக் கண்டாலே அரசியல்வாதிகள் பயப்படும்படி செய்த அதே சேஷன். பிறந்தது பாலக்காட்டில், அந்த மாவட்டத்தில் இருக்கும் ஒற்றப்பாலத்தின் முன்னாள் எம்.பி.தான் எதிர் வேட்பாளர். நாராயணனுக்கு 9,56,290; சேஷனுக்கு 50,631. டெபாசிட் போய்விட்டது.

இந்த எண்கள் ஆட்களின் எண்ணிக்கை இல்லை, ஓட்டு மதிப்பு. எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான் வாக்காளர்கள், ஆனால் ஒருவர் ஓட்டு இன்னொருவருடையதற்குச் சமமில்லை. தமிழ்நாட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 1971 மக்கள்தொகை சுமார் 4.12 கோடி. அதை 234 எம்.எல்.ஏ.க்களால் வகுத்து, வந்ததை மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் 176. நம் எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டுக்கு அவ்வளவு மதிப்பு. உத்தரப் பிரதேசத்தில் அதுவே 208. ஏன் இன்னும் 1971? குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் நஷ்டப்படக் கூடாது என்பதற்காக அந்தக் கணக்கை அப்படியே உறையவைத்திருக்கிறார்கள்.

பதவியேற்றது 1997 ஜூலை 25. மூன்றே மாதத்தில் சோதனை வந்தது.

உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் அரசுக்குக் கொடுத்த ஆதரவை மாயாவதி விலக்கிக்கொண்டார். அக்டோபர் 21 அன்று சட்டமன்றத்தில் மைக்குகள் பறந்தன, மண்டைகள் உடைந்தன. அந்தக் கலவரத்துக்கு நடுவிலேயே வாக்கெடுப்பு நடந்து, 425 பேர் கொண்ட அவையில் 222 ஓட்டு வாங்கிக் கல்யாண் சிங் பெரும்பான்மையைக் காட்டிவிட்டார். இருந்தும் ஆளுநர் ரொமேஷ் பண்டாரி ஆட்சியைக் கலைக்கச் சொல்லி எழுத, டெல்லியில் பிரதமர் ஐ.கே. குஜ்ராலின் அமைச்சரவை, மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவரும் பிரிவு 356-ஐப் பயன்படுத்தப் பரிந்துரைத்து ராஷ்டிரபதி பவனுக்குக் கோப்பை அனுப்பியது. நாராயணன் மறுநாள் அதைத் திருப்பி அனுப்பினார். அவையில் பெரும்பான்மை இருக்கிறதா என்பதை அவையில்தான் பார்க்க வேண்டும் என்று 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அவையோ அப்போதுதான் பதில் சொல்லி முடித்திருக்கிறது. குஜ்ரால் அமைச்சரவை நினைத்திருந்தால் அதே கோப்பை மறுபடி அனுப்பியிருக்கலாம், அவரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அனுப்பவில்லை. விஷயம் அத்தோடு முடிந்தது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நாராயணன் காங்கிரஸ்காரராக இருந்தவர்; திருப்பி அனுப்பியதால் தப்பியது பா.ஜ.க. அரசு. அடுத்த வருடம் செப்டம்பரில் வாஜ்பாய் அரசு, பீகாரில் ராப்ரி தேவி ஆட்சியைக் கலைக்க அதே மாதிரி ஒரு கோப்பை அனுப்பியபோது அதுவும் திரும்பிப் போனது. ஆக, ஒருமுறை ஒரு பக்கம், மறுமுறை இன்னொரு பக்கம். ஆனால் பீகார் கதை அங்கே முடியவில்லை. 1999 ஜனவரி, பிப்ரவரியில் சங்கர்பிகா, நாராயண்பூர் கிராமங்களில் தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அமைச்சரவை இரண்டாம் முறை அனுப்பியது, பிப்ரவரி 12 அன்று கையெழுத்தானது. அதற்கு ஒப்புதல் வாங்க மாநிலங்களவையில் வாஜ்பாய் அரசுக்குப் பெரும்பான்மை இல்லாததால் மார்ச்சிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள், ராப்ரி தேவி மறுபடி முதல்வரானார். 74-ஆவது பிரிவு முழுவதையும் நான் இந்த இரண்டு மாநிலங்களை வைத்தே நடத்திவிடுவேன். ‘மறுபரிசீலனை’ என்ற சொல்லுக்கு வேறு உதாரணம் தேவையில்லை.

கோப்பு எதுவும் வராத நேரத்தில், யாருடைய ஆலோசனையும் இல்லாமல் அவராக முடிவெடுக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு: யாருக்கும் பெரும்பான்மை இல்லாதபோது பிரதமராக யாரை அழைப்பது. ஆலோசனை சொல்ல அப்போது அமைச்சரவையே உருப்படியாக இருக்காது. முன்பெல்லாம் பெரிய கட்சியைக் கூப்பிட்டு, சபையில் நிரூபித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுவது வழக்கம். 1996-இல் அப்படி அழைக்கப்பட்ட வாஜ்பாய் அரசு 13 நாளில் கவிழ்ந்தது. 1998-இல் நாராயணன் அந்த வழியில் போகவில்லை. ஆதரவு தரும் கட்சிகளின் கடிதங்களைக் கொண்டுவாருங்கள் என்று வாஜ்பாயிடம் கேட்டார். எல்லாக் கடிதமும் வந்தது, போயஸ் தோட்டத்துக் கடிதம் மட்டும் வரவில்லை. 18 எம்.பி.க்களை வைத்திருந்த அ.தி.மு.க.வின் கடிதத்துக்காக டெல்லி சில நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவிருக்கும். கடிதம் வந்தது, மார்ச் 19 அன்று பதவியேற்பு, பத்து நாளுக்குள் பெரும்பான்மையை நிரூபிக்கச் சொல்லி உத்தரவு. எந்தக் கணக்கை வைத்து வாஜ்பாயை அழைத்தேன் என்பதையும் அறிக்கையாக வெளியிட்டார்.

அடுத்த வருடம் ஏப்ரல் 14 அன்று ஜெயலலிதா நேரில் போய் ஆதரவை விலக்கும் கடிதத்தைக் கொடுத்தார். நாராயணன் வாஜ்பாயை நம்பிக்கை வாக்குக் கோரச் சொன்னார். 17-ஆம் தேதி 269-க்கு 270 என்று ஒரு ஓட்டில் அரசு விழுந்தது. அதுவரை நடந்தது சரி. அதன் பிறகு, 272 பேர் எங்களிடம் இருக்கிறார்கள் என்று ராஷ்டிரபதி பவன் வாசலிலேயே சோனியா காந்தி சொன்னதும், சமாஜ்வாதி கட்சித் தலைவர் முலாயம் சிங் கையை விரித்ததால் அந்த எண்ணிக்கை சேராமல் போனதும் தெரிந்த கதை. இரண்டு பக்கமும் ஆள் சேரவில்லை என்று உறுதியான பிறகுதான் 26-ஆம் தேதி மக்களவை கலைந்தது. மாற்று தயாராக இருக்கிறதா என்று பார்க்காமலே வாஜ்பாயிடம் வாக்குக் கோரச் சொல்லியிருக்க வேண்டாம் என்று விமர்சித்தவர்கள் உண்டு. அதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஒரே வருடத்தில் நாடு மறுபடி ஓட்டுப்போட வேண்டியதாயிற்று.

சட்ட மசோதாக்களில் கையெழுத்து, பிரிவு 111. நிதி மசோதா தவிர மற்றதை ஒருமுறை திருப்பலாம். நாடாளுமன்றம் மறுபடி நிறைவேற்றினால் ஒப்புதல் தர வேண்டும். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது: எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. 1986-இல் கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தரும் அஞ்சல் சட்டத் திருத்த மசோதா ஜெயில் சிங்கிடம் வந்தது. அவர் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. அது கடைசிவரை சட்டமாகவே இல்லை. பாக்கெட் வீட்டோ என்பது இதுதான். மாநில மசோதாக்களை ஆளுநர் டெல்லிக்கு அனுப்பினாலும் இதே கதைதான், அது பிரிவு 201. நீட் விலக்குக்காக 2017-இல் தமிழ்நாடு அனுப்பிய மசோதாக்கள் ஒப்புதல் கிடைக்காமல் போனதை மறந்திருக்க மாட்டோம். அங்கே முடிவு உண்மையில் ஒன்றிய அமைச்சரவையுடையது, பெயர் மட்டும் குடியரசுத் தலைவருடையது. திட்டுவதென்றால் முகவரி பார்த்துத் திட்ட வேண்டும்.

கருணை மனுவிலும் இந்த முகவரிக் குழப்பம் உண்டு. பிரிவு 72-இன்படி மரண தண்டனையைக் குறைக்கலாம், ஆனால் உள்துறை அமைச்சகத்தின் ஆலோசனைப்படிதான். ராஜீவ் வழக்கில் முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவரின் மனுக்கள் 2000-இல் டெல்லிக்குப் போயின. குடியரசுத் தலைவர் மேசைக்குப் போகும் முன்பே உள்துறையில் ஐந்து வருடத்துக்கு மேல் கிடந்தன. மொத்தம் பதினோரு வருடம் கழித்து, 2011-இல், பிரதிபா பாட்டீல் காலத்தில் நிராகரிப்பு. இந்தத் தாமதத்தைக் காரணம் காட்டித்தான் உச்ச நீதிமன்றம் 2014-இல் தூக்கை ஆயுளாக்கியது. நாராயணன் காலத்தில் பொதுவாகவே கருணை மனுக்கள் தேங்கித்தான் நின்றன. அவரைப் புகழ்கிறவர்கள் இதை விட்டுவிடுவார்கள்.

இன்னொரு பிரிவு 78. நிர்வாக விவரங்களைப் பிரதமர் குடியரசுத் தலைவருக்குச் சொல்ல வேண்டும், அவர் கேட்டாலும் கொடுக்க வேண்டும். அதாவது கேட்கலாம், எழுதலாம், எச்சரிக்கலாம். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நியமனக் கோப்பு ஒன்றில், நலிந்த பிரிவினரில் தகுதியானவர்களையும் கவனியுங்கள் என்று நாராயணன் குறிப்பு எழுதியது அன்று பெரிய விவாதமானது. கார்கில் போரின்போது மாநிலங்களவையைக் கூட்டி விவாதிக்கலாமே என்று சொன்னார், அரசு கூட்டவில்லை. 2002 குஜராத் கலவரத்தின்போது ராணுவத்தைப் பயன்படுத்தி அடக்கும்படி வாஜ்பாய்க்குக் கடிதம் எழுதியதாகவும், பலன் போதவில்லை என்றும் ஓய்வுக்குப் பிறகு அவரே சொன்னார். முப்படைகளின் தலைமைத் தளபதி என்று பட்டம் இருக்கிறது. ஒரு கம்பெனி ராணுவத்தைக்கூட அவரால் தானாக நகர்த்த முடியாது.

1998 சுதந்திர தினத்தை ஒட்டிப் பத்திரிகையாளர் என். ராமுக்குக் கொடுத்த பேட்டியில் தன்னை அவர் நிர்வாகத் தலைவர் என்றும் சொல்லவில்லை, ரப்பர் ஸ்டாம்ப் என்றும் ஏற்கவில்லை. அரசியலமைப்பின் நான்கு எல்லைக்குள் வேலை செய்கிற குடியரசுத் தலைவர் என்றார். அதே வருடம் பிப்ரவரியில் ராஷ்டிரபதி பவன் வளாகத்துப் பள்ளியில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவர் பொதுத் தேர்தலில் வாக்களித்தது அதுவே முதல்முறை. முந்தையவர்கள் நடுநிலை என்று சொல்லி ஒதுங்கியே இருந்தார்கள். சட்டத்தில் அப்படி எந்தத் தடையும் இல்லை.

2002-இல் இரண்டாம் வாய்ப்புக்குப் பேச்சு எழுந்து அடங்கியது, கலாம் வந்தார். நாராயணன் டெல்லியிலேயே தங்கினார். உழவூரில் குடும்பச் சொத்தைச் சித்த, ஆயுர்வேத மருத்துவமனைக்காக சாந்திகிரி ஆசிரமத்துக்குக் கொடுத்தார். வைத்தியர் வீட்டு நிலம் வைத்தியத்துக்கே போனது. 2005 நவம்பர் 9 அன்று காலமானார்.

தேர்வுக்காக இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று: 53, 72, 74, 78, 111, 356 ஆறையும் சேர்த்து ஒரே மூச்சில் படியுங்கள், தனித்தனியாகப் படித்தால் குழம்பும். 42-ஆவது திருத்தம் 1976, 44-ஆவது 1978. ‘ஆலோசனை கட்டாயம்’ முந்தையது, ‘ஒருமுறை திருப்பலாம்’ பிந்தையது. இதை மாற்றி எழுதிவிட்டு வெளியே வந்து தலையில் அடித்துக்கொள்கிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இரண்டு பேராவது என்னிடம் இருக்கிறார்கள்.